பங்கயச்செல்வியை அழைத்துப்போக வந்தவர்

ஸ்ரீரங்கத்து வீதிகளுக்கு வடக்கே, கொள்ளிடக்கரைப் பக்கமாக இருந்த அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வெகுகாலம் கேட் இருந்தும் இல்லாத மாதிரிதான். காலையில் திறந்தால் மாலையில் சாத்துவார்கள். இடையில் யார் வேண்டுமானாலும் வரலாம், போகலாம். வளையல்காரர் உள்ளே வந்து மரத்தடியில் பெட்டியைத் திறப்பார். பெருமாள் சேவிக்க வந்த வெளியூர்க்காரர்கள் வராந்தாவில் துண்டை விரித்துக் கண்ணயர்வார்கள். பையனுக்குப் பெண் தேடுகிறவர்கள் தண்ணீர் கேட்கிற சாக்கில் ஒன்பதாம் வகுப்பு ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

1957 மார்கழியில், பகல் பத்து உற்சவக் கூட்டம் ஊரை நிறைத்திருந்த ஒரு நாள், யாரோ ஒருவன் மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்றான். ஒரு குழந்தையைக் காட்டி, “நான் இவ சித்தப்பா, வீட்டுல கூப்பிடறாங்க” என்றான். டீச்சர் அனுப்பிவிட்டார். ஒரு மணி நேரம் கழித்துக் குழந்தை அம்மாமண்டபத்துப் படித்துறையில் அழுதுகொண்டிருப்பதை யாரோ பார்த்துக் கூட்டி வந்தார்கள். காதிலே தோடு இல்லை, காலிலே கொலுசு இல்லை. வேறு ஒரு கீறலும் இல்லை. ஆனாலும் தலைமையாசிரியை கோமளவல்லி அம்மாள் மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. “வந்தது தோடோட போகட்டும்னு பெருமாள் விட்டார். இன்னொரு தரம் விடுவார்னு நான் உக்காந்துண்டு இருக்க முடியாது” என்று கமிட்டியில் சொன்னார்.

பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பியபோது கேட் சாத்தியிருந்தது. ஒரு ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு அதில் ஒரு திட்டிவாசல் வைத்திருந்தார்கள். அதை ஒட்டி உள்பக்கம் ஒரு முக்காலி, எதிரே வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. முக்காலியில் பவுனம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

பவுனம்மாளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. அவள் புருஷன் லால்குடி லைனில் ரயில்வே கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தவர். கடைசி இரண்டு வருஷம் அவர் நெஞ்சுச் சளியோடு படுத்துவிட, கேட்டைத் திறந்து மூடியதெல்லாம் இவள்தான். ஒரு தடவை ஒரு மிராசுதாரின் கார் வந்து நின்று ஹாரன் அடித்தது. கூட்ஸ் வண்டி தாமதம். இறங்கி வந்து சத்தம் போட்ட மிராசுதாரிடம், “ரயிலு போகட்டுங்க, தொறக்கறேன்” என்று சொல்லிவிட்டு இருபது நிமிஷம் கொடியைக் கையில் வைத்தபடி நின்றாள். பின்னால் அதே மிராசுதார்தான் பள்ளிக்கூடக் கமிட்டியில், “வாசலுக்கு ஆள் வேணும்னா எனக்கு ஒரு பொம்பளையைத் தெரியும். நம்மையே நிறுத்திட்டா” என்று சொன்னவர். புருஷன் போனபிறகு கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவளை ஆள் அனுப்பித் தேடிப் பிடித்தார்கள்.

அவளிடம் இரண்டு நோட்டு இருந்தன. ஒன்றில் வருகிறவர் பெயர், ஊர், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம். மற்றதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். அந்தப் பிள்ளையை யார் யார் வந்து அழைத்துப் போகலாம் என்று பெற்றவர்களே சொல்லி, கையெழுத்தோ கைநாட்டோ வைத்திருந்தார்கள். அதில் பெயர் இல்லாதவர்கள் பெஞ்சில் உட்கார வேண்டியதுதான். பவுனம்மாள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். அதனால் ஒவ்வொரு பெயரையும் மெதுவாக, விரல் வைத்துப் படித்தாள். வந்தவர்களுக்கு அது எரிச்சலாக இருந்தது. கிழக்குச் சித்திரை வீதியிலிருந்து பேத்திக்குத் தயிர்சாதம் கொண்டுவரும் ஒரு மாமி, “நான் யார்னு இவளுக்குத் தெரியாதாமா!” என்று ஒரு மாதம் தினமும் சொன்னாள். தினமும் பெயரையும் எழுதினாள்.

ஒரு வருஷம் அப்படிப் போயிற்று. 1959 தை மாதம், பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம், ஒரு வியாழக்கிழமை காலை பத்தே முக்கால் மணிக்கு ஒரு ஜட்கா வண்டி வந்து நின்றது. ஓட்டி வந்தவர் நிஜாமுதீன். தினமும் காலையில் ஆறேழு பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறவர்தான்; பவுனம்மாளுக்குப் பழக்கம். வண்டியிலிருந்து இறங்கியவருக்கு முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். வழவழவென்று சவரம் செய்த முகம், கையில் ஒரு மஞ்சள் பை. புது வேட்டி, மூலையில் மஞ்சள் தடவியது கூட அழியவில்லை. பொங்கலுக்கு எடுத்தது போலிருக்கிறது என்று பவுனம்மாள் நினைத்துக்கொண்டாள்.

“யாருங்க? யாரைப் பாக்கணும்?”

“எட்டாவது படிக்குதுங்க, பங்கயச்செல்வின்னு. அதோட மாமன் நான். கொஞ்சம் அவசரமா அனுப்பி வைங்க. அவங்க அம்மாவுக்கு உடம்பு முடியலை.”

“என்னங்க ஆச்சு?”

“மில்லுல வேலை பாத்துக்கிட்டு இருக்கையிலேயே விழுந்துட்டாங்க. நெஞ்சு வலி. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. பிள்ளையப் பாக்கணும்ங்கிறாங்க.”

பவுனம்மாளுக்குச் சுருக்கென்றது. பங்கயத்தின் தாய் பொன்னுத்தாயை அவளுக்குத் தெரியும். திருவானைக்கோயில் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் நெல் அவித்துக் காயப்போடுகிற வேலை. வருஷ ஆரம்பத்தில் கைநாட்டு வைக்க வந்தபோது கட்டைவிரலைப் புடவையில் நாலு தடவை துடைத்துக்கொண்டு வைத்தவள்.

நோட்டை நீட்டினாள். அவர் அவசரமாக எழுதினார்: அழகர்சாமி, திருவெள்ளறை. அவள் மற்ற நோட்டை எடுத்து, எட்டாம் வகுப்பைத் தேடி, பங்கயச்செல்வியின் பக்கத்தைத் திருப்பினாள். அதில் பொன்னுத்தாய் என்ற ஒரு பெயர்தான் இருந்தது. கீழே ஐந்து வரி காலியாகக் கிடந்தது.

“உங்க பேரு இதுல இல்லீங்களே.”

“சொந்தத் தாய்மாமன்ங்க நான். கூடப்பொறந்த தம்பி. என் பேரை எதுக்கு எழுதணும்?”

“எழுதாம அனுப்பக் கூடாதுங்க. செத்த நேரம் இந்தப் பெஞ்சில உக்காருங்க. பெரியம்மாவுக்குச் சீட்டு அனுப்பறேன்.”

உள்ளே வேலை பார்க்கிற ஆயாவிடம் தலைமையாசிரியைக்குச் சீட்டைக் கொடுத்து அனுப்பினாள். அதற்குள் இடைவேளை மணி அடித்துவிட்டது. பிள்ளைகள் கும்பலாக வெளியே வந்தார்கள். தண்ணீர்க் குழாய் கேட்டுக்குப் பக்கத்தில்தான். குழாயடியில் குனிந்திருந்த பங்கயம் நிமிர்ந்தபோது பெஞ்சுப் பக்கம் பார்த்தாள்.

“மாமா!”

முகமெல்லாம் சிரிப்பாக ஓடி வந்தாள். பதின்மூன்று வயது, ஒல்லியான உடம்பு, இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியிருந்தாள். பவுனம்மாள் தடுப்பதற்குள் அழகர்சாமி எழுந்து எதிரே வந்து, “பங்கயம், அம்மாவுக்கு முடியலைம்மா. வா, போகலாம்” என்று சொல்லிவிட்டார்.

சிரிப்பு அப்படியே நின்றது. “என்ன மாமா? காலையில நல்லாத்தானே இருந்துச்சு?”

“வா, வண்டியில சொல்றேன்.”

“ஆயாம்மா, தொறங்க” என்றாள் பங்கயம். பவுனம்மாள் நகரவில்லை. “ஆயாம்மா, இவங்க எங்க மாமாதான்! எனக்குத் தெரியும்! தொறந்து விடுங்க!” அவள் குரல் உடைந்து, அழுகை வந்துவிட்டது. சுற்றி இருந்த பிள்ளைகள் எல்லாரும் பவுனம்மாளையே பார்த்தார்கள்.

கோமளவல்லி அம்மாள் வேகமாக வந்தார். ஐம்பது தாண்டியவர், ஒன்பது கஜப் புடவையிலும் அவர் நடை எப்போதும் வேகம்தான். அழகர்சாமியிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பெண்ணின் அப்பா பெயர் என்ன? முத்தையா. எப்போது காலமானார்? நாலு வருஷம் முன்னால், சித்திரையில். அக்கா எப்போது ஊரை விட்டு வந்தாள்? எந்தத் தெருவில் குடியிருக்கிறாள்? எல்லாவற்றுக்கும் சரியான பதில் வந்தது. பங்கயம் அழுகைக்கு நடுவே ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள்.

கோமளவல்லி அம்மாள் பவுனம்மாளைக் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போனார்.

“எல்லாம் சரியாத்தான் சொல்றார். கொழந்தைக்கும் அவரைத் தெரிஞ்சிருக்கு. நாம பிடிச்சு வெச்சுண்டு, அங்கே அவளுக்கு ஏதாவது ஆயிடுத்துன்னா அது பெரிய அபசாரம் இல்லையோ?”

பவுனம்மாளின் புருஷன் இறந்தது ஒரு விடியற்காலை. பாசஞ்சர் வண்டி வருகிற நேரம். கூப்பிடுகிற குரல் கேட்டும் கேட்டை விட்டு வர முடியாமல் பச்சைக் கொடியோடு நின்றாள். வண்டி போனபின் ஓடிப் போய்ப் பார்த்தபோது எல்லாம் முடிந்திருந்தது. கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாமல் போவது என்னவென்று அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுகிற பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, மில்லு திருவானைக்கோயில்லதான் இருக்கு” என்றாள் கடைசியில். “நிஜாமுதீன் பாய் வண்டி வாசல்லயே நிக்குது. அவரு போய் மில்லுல கேட்டுட்டு வரட்டும். போக வர ஒரு மணி நேரம் ஆகும். நிஜம்னு தெரிஞ்சா நானே பிள்ளையக் கூட்டிக்கிட்டு இவரோட ஆஸ்பத்திரிக்குப் போறேன். தனியா மட்டும் அனுப்ப வேணாம்.”

“ஒரு மணி நேரத்துல உசுரு போயிட்டா?” என்று கேட்டார் அழகர்சாமி. அவர் காதில் விழுந்திருக்கிறது.

கோமளவல்லி அம்மாள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். பிறகு, “பவுனம்மா சொல்றபடியே ஆகட்டும்” என்று சொல்லி, ஒரு சீட்டில் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டு, பங்கயத்தை அணைத்துத் தன் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். மாமாவைப் பார்க்கவில்லை. பவுனம்மாளைப் பார்த்தாள்.

பவுனம்மாள் திட்டிவாசல் வழியாக வெளியே வந்து வண்டியை நெருங்கினாள். குதிரைக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார் நிஜாமுதீன். விஷயத்தைச் சொன்னாள்.

“யா அல்லாஹ்” என்றார் அவர். பிறகு நெற்றியைச் சுருக்கினார். “ஆஸ்பத்திரின்னா சொன்னாரு? என்கிட்ட ஸ்கூலுக்குப் போய் ஒரு பிள்ளைய ஏத்திக்கிட்டு டோல்கேட்டுக்குப் போகணும்னுல்ல சவாரி பேசினாரு?”

“டோல்கேட்டுக்கா? நல்லாக் கேட்டீங்களா, பாய்?”

“ரெண்டு தடவை கேட்டேன்க்கா. கொள்ளிடம் பாலத்துல காத்து ஜாஸ்தி, குதிரை மிரளும்னுகூடச் சொன்னேன்.”

பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் தெற்கே, காவேரிப் பாலம் தாண்டி டவுனுக்குப் போக வேண்டும். டோல்கேட் இருப்பது வடக்கே. அங்கே பஸ் ஏறினால் சமயபுரம் போகலாம், திருவெள்ளறை போகலாம். ஆஸ்பத்திரிக்குப் போக முடியாது.

பவுனம்மாள் சீட்டை அவர் கையில் கொடுத்தாள். “பாய், அந்தம்மா மில்லுல இருந்தாங்கன்னா கையோட கூட்டிட்டு வந்துடுங்க. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, சொகமா இருக்குன்னு முதல்ல சொல்லிடுங்க. பயந்துடப் போறாங்க.”

வண்டி போனது. அவள் உள்ளே வந்து தாழ்ப்பாளைப் போட்டாள். வழக்கமாகப் பகலில் பூட்டுவதில்லை. அன்றைக்குப் பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு முக்காலியில் உட்கார்ந்தாள். அழகர்சாமி எதிரே பெஞ்சில்.

இடைவேளை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குப் போய்விட்டார்கள். எங்கேயோ ஒரு வகுப்பில் பதினாறாம் வாய்ப்பாடு சொல்கிற சத்தம் கேட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள். அவர் முழுவதையும் குடித்தார்.

“எத்தனை பிள்ளைங்க உங்களுக்கு?” என்று கேட்டாள்.

“ரெண்டு. பெரியவனுக்கு ஆறு. சின்னதுக்கு மூணு.”

“வீட்டுல அவங்க அம்மா?”

“போன வருஷம் ஆடியில போயிட்டா. மஞ்சக்காமாலை.”

“ஐயோ பாவமே” என்றாள் பவுனம்மாள். மனசார வந்த வார்த்தைதான். பிறகு வாசல் பக்கம் கையைக் காட்டினாள். “ஆஸ்பத்திரி தெக்கால இருக்கு, தம்பி. வண்டிய நீங்க வடக்கால பேசியிருக்கீங்க.”

அழகர்சாமி சொம்பைக் கீழே வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை.

“பாய் சொன்னாரா?”

“சொன்னாரு. உங்க அக்கா எப்படி இருக்காங்க? உள்ள ஒரு பிள்ளை அழுதுக்கிட்டு இருக்கு. அதையாவது சொல்லிடுங்க.”

“நல்லாத்தான் இருக்கு” என்றார் அவர், தரையைப் பார்த்துக்கொண்டு. “அக்காவுக்கு ஒண்ணுமில்ல.”

பவுனம்மாள் எழுந்து உரக்க ஆயாவைக் கூப்பிட்டாள். “ஓடிப் போய்ப் பெரியம்மாகிட்டயும் அந்தப் பிள்ளைகிட்டயும் சொல்லு. அவங்க அம்மா சொகமா இருக்காங்களாம். ஆஸ்பத்திரியும் இல்ல, ஒண்ணும் இல்ல.” ஆயா ஓடினாள். பவுனம்மாள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“ஏன் தம்பி இப்படிப் பண்ணீங்க?”

அவர் முதலில் கோபமாகத்தான் பேசினார். “நான் என்ன திருடிக்கிட்டா போறேன்? முறைப் பொண்ணு அது. எங்கப்பா சாகும்போதே சொல்லிட்டுப் போனாரு, பங்கயம் இந்த வீட்டுக்குத்தான் வரணும்னு. அக்காகிட்ட மூணு தடவை வந்து கேட்டேன். படிக்கட்டும், படிக்கட்டும்ங்குது. எத்தனை நாளைக்குப் படிக்கும்? அங்க ரெண்டு பிள்ளைங்களும் அக்கம்பக்கத்து வீட்டுல சோறு வாங்கித் திங்குதுங்க.” குரல் தணிந்தது. “சித்தப்பாதான் சொன்னாரு. நாளைக்கு முகூர்த்தம். சமயபுரத்துல தாலியக் கட்டிட்டு நேரா அக்கா வீட்டுக்குப் போயிடு, அப்புறம் என்ன செய்யும், ரெண்டு நாள் அழுதுட்டு ஏத்துக்கும்னாரு. எனக்கும் சரின்னு பட்டுச்சு.”

“அந்தப் பிள்ளைகிட்டக் கேட்டீங்களா?”

“அதுகிட்ட என்னத்தக் கேக்கறது? குழந்தை.”

“நானும் அதான் சொல்றேன், தம்பி.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். எழுந்து மஞ்சள் பையை எடுத்துக்கொண்டார். “கதவைத் தொறங்க. நான் போறேன்.”

பவுனம்மாள் முடிச்சை அவிழ்த்துச் சாவியை எடுத்தாள். “உங்களைப் பூட்டி வைக்கிற அதிகாரம் எனக்கு இல்ல. போறதுன்னா போங்க. ஆனா உங்க அக்கா இப்ப என்னமோ ஏதோன்னு பதறிக்கிட்டு வருவாங்க. அவங்க வந்து என்கிட்டக் கேட்டா நான் என்ன சொல்றது? நீங்க இருந்து சொன்னா நல்லது.”

திட்டிவாசலைத் திறந்து விட்டாள். அவர் கதவு வரைக்கும் போனார். வெளியே தெரு வெறிச்சென்று கிடந்தது. சிறிது நேரம் அங்கேயே நின்றுவிட்டுத் திரும்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

பன்னிரண்டேகால் மணிக்கு வண்டி வந்தது. நிற்பதற்கு முன்பே பொன்னுத்தாய் குதித்து இறங்கினாள். தலைமுடியில், புருவத்தில், புடவையில் எல்லாம் தவிட்டுத் தூசி. செருப்பு இல்லை. “எங்க என் பிள்ளை?” என்று கேட்டுக்கொண்டே குனிந்து உள்ளே நுழைந்தவள் பெஞ்சில் தம்பியைப் பார்த்தாள். அவன் புது வேட்டியைப் பார்த்தாள். பவுனம்மாள் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அதற்குள் பங்கயம் ஓடி வந்துவிட்டாள். ஆயா வந்து சொன்னதை அவள் நம்பியிருக்கவில்லை. சமாதானத்துக்குச் சொல்கிறார்கள் என்றே நினைத்திருந்தாள். தாயின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். தோளைத் தொட்டுப் பார்த்தாள். நெஞ்சில் கையை வைத்து, “வலிக்குதாம்மா?” என்று கேட்டாள்.

“எனக்கு ஒண்ணுமில்லடி. யாரு சொன்னா?”

பங்கயம் மாமாவைத் திரும்பிப் பார்த்தாள். திட்டவில்லை, அழவும் இல்லை. சின்ன வயதில் அவர் தோளில் உட்கார்ந்து தேர் பார்த்தவள். அவர் எதற்கு இப்படிச் சொன்னார் என்று புரியாமல் பார்த்தாள், அவ்வளவுதான். அழகர்சாமியால் அதைத் தாங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு துண்டால் கண்ணைத் துடைத்தார்.

“நான் சாகக் கெடக்கேன்னு சொல்லியாடா என் பிள்ளையக் கூட்டிட்டுப் போகப் பாத்தே?” என்றாள் பொன்னுத்தாய். சத்தமாகக் கூடச் சொல்லவில்லை.

“வேற என்ன சொன்னாலும் விட மாட்டாங்கக்கா.”

“எனக்குப் பதிமூணு வயசுல கட்டி வச்சாங்க. நீ அப்ப என் இடுப்புல இருந்தே. கல்யாணத்தன்னைக்கு உன்னை எறக்கி விட மாட்டேன்னு நான் அழுதது உனக்கு எங்க தெரியப் போவுது. தாலியும் போச்சு. இன்னைக்கும் ஒரு காயிதத்தைக் குடுத்தா யாரையாவது தேடிப் போய்ப் படிக்கச் சொல்லணும். இவளுக்கும் அதே வேணுமாடா?”

கோமளவல்லி அம்மாள் பின்னாலேயே வந்து நின்றிருந்தார். கோபத்தில் அவர் முகம் சிவந்திருந்தது. “பதினஞ்சு வயசு முடியாம விவாஹம் பண்றது சட்டப்படி குத்தம், தெரியுமோ உமக்கு? பொய் சொல்லிக் கொழந்தையக் கூட்டிண்டு போக வந்தது அதைவிடப் பெரிய குத்தம். போலீஸுக்குச் சொல்லி அனுப்பறேன்.”

“வேணாம்மா” என்று பொன்னுத்தாய் கும்பிட்டாள். “இவனை விட்டா எனக்கும் ஒருத்தரும் இல்ல. ரெண்டு தாயில்லாப் பிள்ளைங்க வேற இருக்குதுங்க. மனசு வச்சு விட்டுடுங்க.” பிறகு தம்பியிடம் திரும்பினாள். “மாமன் முறையில வா. வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ. மாப்பிள்ளை முறையில என் வாசப்படி ஏறாதே. உன் பிள்ளைங்களைக் கொண்டாந்து விடு, நான் வளக்கறேன். அதுக்கு எம் பொண்ணு வேணாம்.”

நோட்டில் போன நேரம் எழுத வேண்டியிருந்தது. பவுனம்மாள் அவர் பெயர் இருந்த வரியைக் காட்டினாள். அழகர்சாமி எழுதினார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது, “சமயபுரத்துல ஏழெட்டுப் பேரு காத்துக்கிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்வேன்?” என்று அவளிடமே கேட்டார்.

“பிள்ளை ஸ்கூல்ல இருக்குன்னு சொல்லுங்க, தம்பி.”

அவர் வண்டியில் ஏறவில்லை. பையைக் கையில் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்து போனார்.

அன்றைக்கு மாலையிலிருந்து பங்கயம் பவுனம்மாளிடம் பேசவில்லை. முன்பெல்லாம் வரும்போது ஒரு சிரிப்பு, போகும்போது “வரேன் ஆயாம்மா” என்று ஒரு வார்த்தை உண்டு. இப்போது தலையைக் குனிந்துகொண்டு கேட்டைத் தாண்டிப் போய்விடுவாள். பொன்னுத்தாய் மட்டும் ஒருநாள் மில்லிலிருந்து நேராக வந்து, மடியில் கட்டிக் கொண்டுவந்த ஒரு படி புழுங்கலரிசியைக் கொடுத்துவிட்டு, பவுனம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பவுனம்மாளுக்கு அது சந்தோஷம்தான். ஆனால் பிள்ளை பேசாமல் போவது உறுத்திக்கொண்டே இருந்தது. நல்லது செய்தேன் என்று தெரிந்திருந்தும் தப்புச் செய்த மாதிரி ஒரு சங்கடம்.

மாசி பாதியில் ஒருநாள், பள்ளி விட்டு எல்லாரும் போனபிறகு பங்கயம் தனியாகப் பின்தங்கினாள். முக்காலிக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஆயாம்மா, ஒண்ணு கேக்கறேன். மாமா சொன்னது நிஜமா இருந்திருந்தா?”

பவுனம்மாள் அவளைப் பார்த்தாள்.

“எங்கம்மாவுக்கு நெஜமாவே முடியாம இருந்து, நான் போறதுக்குள்ள செத்துப் போயிருந்தா? அப்பவும் நீங்க தொறந்திருக்க மாட்டீங்கதானே? எனக்கு ராத்திரியெல்லாம் அதே நெனப்பா இருக்கு. அந்த ஒரு மணி நேரமும் நான் உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன்.”

அந்தக் கேள்விக்குச் சமாதானமாக ஒரு பொய் சொல்லலாம் என்று பவுனம்மாளுக்குத் தோன்றியது. ஆனால் அந்தப் பிள்ளையிடம் ஏற்கெனவே ஒருவர் பொய் சொல்லியாகிவிட்டது.

“தொறந்திருக்க மாட்டேன்” என்றாள். “அப்படி நடந்திருந்தா நீ என்னைச் சென்மத்துக்கும் மன்னிச்சிருக்க மாட்டே. நானும் தூங்கியிருக்க மாட்டேன். அன்னைக்கு வண்டிய மில்லுக்கு அனுப்பிட்டு அந்த ஒரு மணி நேரத்த நானும் எண்ணிக்கிட்டுத்தான் உக்காந்திருந்தேன்.”

பங்கயம் புத்தகப் பையைக் கீழே வைத்தாள். பிறகு பெஞ்சில் உட்கார்ந்தாள். இருவரும் வேறு ஏதேதோ பேசினார்கள்: பரீட்சை எப்போது, கணக்கு டீச்சர் ஏன் அப்படிக் கத்துகிறார் என்றெல்லாம். எழுந்து போகும்போது, “வரேன் ஆயாம்மா” என்றாள்.

மறுநாள் காலை பவுனம்மாள் கோமளவல்லி அம்மாளின் அறைக்குப் போனாள். தானாக அங்கே போவது அதுதான் முதல் தடவை.

“அம்மா, பேரு இல்லாதவங்க வந்து அவசரம்னு சொன்னா, காத்திருக்க வைக்கக் கூடாதும்மா. நம்ம ஆளு ஒருத்தர் பிள்ளையோட கூடவே போயிடணும். நெஜமா இருந்தா பிள்ளை பெத்தவங்களைப் பாத்துடும். பொய்யா இருந்தா நாம கூட இருக்கோம். அன்னைக்கு எனக்கு இது பாதிதான் தோணிச்சு.”

“யார் போறது?”

“நான் போறேன்.”

“அப்போ கேட்டை யார் பார்த்துக்கறது?”

பவுனம்மாள் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோமளவல்லி அம்மாள் சிரித்துவிட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் அந்த விதியைத் தன் கையாலேயே எழுதினார்.

பங்குனியில் அதற்கு வேளை வந்தது. உறையூரிலிருந்து மூக்கன் என்று ஒருவர் மூச்சிரைக்க சைக்கிளில் வந்து இறங்கினார். இரண்டாம் வகுப்புக் குழந்தை ஒன்றின் அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், பெரியாஸ்பத்திரியில் இருக்கிறார், குழந்தையின் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றார். நோட்டில் அவர் பெயர் இல்லை. குழந்தைக்கும் அவரைத் தெரியவில்லை. பவுனம்மாள் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அந்த மனிதரையும் சைக்கிளை விட்டுவிட்டுத் தன்னோடு வரச் சொல்லி, டவுன் பஸ்ஸில் ஏறினாள். காவேரிப் பாலத்தில் பஸ் போகும்போதும் குழந்தையின் மணிக்கட்டை அவள் விடவில்லை. அந்த ஆளையும் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் சொன்னது உண்மைதான். கால் எலும்பு முறிந்து கிடந்த தகப்பன் குழந்தையைப் பார்த்ததும் கையை நீட்டினார். குழந்தையின் தாய் வந்து சேரும் வரைக்கும் பவுனம்மாள் வார்டு வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அவள் திரும்பி வந்தபோது மணி நாலு இருக்கும். திட்டிவாசல் சாத்தியிருந்தது. தட்டினாள்.

“யாரது?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“நாந்தாம்மா, பவுனம்மா.”

கதவு திறந்தது. முக்காலியில் கோமளவல்லி அம்மாள் மூக்குக்கண்ணாடியோடு, மடியில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பகலெல்லாம் வெயிலில் இருந்ததில் முகம் வாடியிருந்தது.

“கொழந்தையோட அப்பா எப்படி இருக்கார்?”

“கால்லதான் அடி. பொழைச்சுக்குவாரும்மா.”

“ரங்கநாதா” என்று அவர் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு நோட்டைக் காட்டினார். “அஞ்சு பேர் வந்தா. மூணு பேரை உள்ளே விட்டேன். ஒருத்தர் கோவிச்சுண்டு போயிட்டார். அந்தத் தயிர்சாத மாமி இருக்காளே, நான் உக்காந்திருக்கறதைப் பார்த்துட்டு, ‘நீங்களுமா!’ங்கறா. இடுப்பு விட்டுப் போச்சு, பவுனம்மா. இந்த முக்காலியில நீ எப்படித்தான் நாள் பூரா உக்காந்திருக்கியோ, ஒரு நாற்காலி போடச் சொல்றேன்.”

“வேணாம்மா, நாற்காலியில உக்காந்தா எனக்குத் தூக்கம் வந்துடும்” என்றாள் பவுனம்மாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து நோட்டை வாங்கிக்கொண்டாள். பள்ளி விடுகிற மணி அடித்தது. அழைத்துப்போக வந்தவர்கள் வெளியே கூடத் தொடங்கியிருந்தார்கள்.